ஒட்டுண்ணி என்னும் வசை

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள முதிர்ந்த செம்பனையின் (எண்ணெய்ப்பனையின்) மட்டை இடுக்கில் காட்டு அத்தி முளைத்து, அதன் வேர்கள் தரையைத் தொட்டுவிட்டன. பக்கத்துச் செம்பனையின் அடியில் கானோடெர்மா காளான் தட்டுத்தட்டாக நிற்கிறது. இரண்டும் ஒட்டுண்ணிகள்தாமே? அத்தியை வெட்டிவிடலாமா? நம் சமூகத்தை அரிப்பவர்களுக்கும் இவை நல்ல உவமைகள் அல்லவா?

அன்புள்ள தம்பி,

உவமையை விட்டுவிடுங்கள். மரத்தைப் பார்க்கப் பொறுமையில்லாதவர்தான் அதைக் கண்டவுடன் மனிதர்களைத் திட்டத் தொடங்குவார்.

அத்தியை ஒட்டுண்ணி என்று எழுதக் கை எப்படி வந்தது? பறவையின் எச்சத்தில் வந்து விழுந்த விதை, மட்டை இடுக்கில் சேர்ந்த மக்கையும் மழைநீரையும் கொண்டு பிழைத்து, வேர் மண்ணைத் தொட்டபின் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்கிறது. தாங்கி நிற்கும் மரத்தின் சாற்றில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை. கொல்லாது என்று நான் சொல்லவில்லை. பிற மரங்களில் பட்டைக்கடியிலுள்ள வளர்படலம் தண்டைப் பருக்கவைக்கும்போது, அத்தியின் வேர்வலை இடம்கொடுக்காமல் இறுக்குகிறது. செம்பனைக்கோ அந்தப் படலமே கிடையாது. நீரும் உணவும் செல்லும் குழாய்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே அதன் கழுத்தை நெரிப்பது எளிதன்று. உச்சிக்கு மேல் கவிந்து வெயிலை மறைத்தால்தான் அது வாடும்.

காளான் மரத்தையே தின்கிறது. நீங்கள் கண்ட தட்டு அதன் கனி மட்டுமே, உடல் தண்டுக்குள் இருக்கிறது. ஆனால் காட்டில் விழுந்த மரத்தை மண்ணாக்குவதும் இத்தகைய காளான்கள்தாம். 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கி, செம்பனை ஒன்றையே வரிசை வரிசையாக நட்டு, பழைய அடிக்கட்டைகளை மண்ணுக்குள் விட்டுவைத்த பிறகு, காளானைத் திருடன் என்பது யாருடைய நியாயம்?

என் அப்பா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், காளானால் வரும் வெள்ளை வேர் நோய் பார்ப்பவர். மரத்தடியைச் சுற்றிப் புல்லைக் குவித்து, சில வாரங்கள் கழித்து விலக்குவார். அந்த ஈரத்தில் காளான் இழைகள் வேரிலிருந்து மேலேறி வெள்ளை நூலாக ஒட்டியிருக்கும். ஒருமுறை நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. உச்சியில் இலைகள் பச்சையாகவே இருந்தன. அப்பா சாயம் பூசி அடையாளமிட்டபோது, அந்த மரத்தைச் சீவும் அக்கா, பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பால் நன்றாகத்தானே வருகிறது என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

அத்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது நிற்கட்டும். தட்டு வெளியே தெரியும்போது அடித்தண்டு உள்ளே பெரும்பாலும் உளுத்திருக்கும். அந்தச் செம்பனை சாய்ந்தால் உங்கள் அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.