கிராம சபையைக் கேட்காமல் பள்ளிக் கட்டடமா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்ட எல்லையோரக் கிராமத்துத் தமிழர்கள். எங்கள் தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் உறுதியாகவே இருக்க, அதை இடித்துப் பெருஞ்செலவில் மாடிக் கட்டடம் எழுப்ப எங்களைக் கேட்காமலேயே ஊராட்சி முடிவெடுத்துள்ளது. வாக்காளர்களாகிய நாங்கள் தடுக்க இயலுமா?

பதில்: இத்தகைய செலவுக்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தும் முறை நம் நாட்டில் இல்லை என்பதால், ‘வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டும்’ என்ற வாதம் எடுபடாது. ஆனால், 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டின் வாக்காளர்கள் அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள்; அவர்களில் பத்தில் ஒரு பங்கினர் விவாதப் பொருளைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்டால், சிறப்புக் கூட்டம் கூட்டப்பட வேண்டும். முதலில் அந்தக் கையொப்பங்களைத் திரட்டுங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் திட்ட மதிப்பீட்டையும், பழைய கட்டடம் குறித்த பொறியாளர் அறிக்கையையும் (அப்படியொன்று இருந்தால்!) கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் பகுதி மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். கிராம சபையின் தீர்மானம் ஊராட்சியைக் கட்டிப்போட்டுவிடாது. எனினும் அதைப் பரிசீலிக்காமல் ஒதுக்கிவிட முடியாது. கூட்டத்தில் பேசும்போது, பள்ளி வளர்வதையே எதிர்ப்பதுபோல் தொனிக்காமல், பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடு பேசுங்கள்.