மசோக்கிசம்னா என்ன, அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு?

தனக்கு வர்ற வலியிலயோ அவமானத்துலயோ சுகம் காணுறதுதான் மசோக்கிசம். அடுத்தவங்கள வலிக்க வச்சு ரசிச்சா அது சாடிசம், ரெண்டையும் நிறைய பேரு போட்டுக் குழப்பிக்குவாங்க.

பேரு வந்த கதைதான் செம. லியோபோல்ட் ஃபொன் ஸாகர்-மஸோக்னு ஒரு எழுத்தாளர், 1836ல லெம்பெர்க்ல, அதாவது இப்ப உக்ரைன்ல இருக்கற லிவிவ்ல பொறந்தவரு, 1870ல ஒரு நாவல் எழுதுனாரு, அதுல ஹீரோ ஒரு பொண்ணுகிட்ட என்னை அடிமையா வச்சுக்கோ சவுக்கால அடின்னு கெஞ்சி அக்ரிமென்ட்டே போட்டுக்குவான். சும்மா கற்பனைன்னு நினைக்காதீங்க, 1869லயே ஃபேனி பிஸ்டர்ங்கற பெண்ணுகிட்ட 6 மாசம் அடிமையா இருக்கேன்னு இவரே எழுதிக் குடுத்தவரு!

கிராஃப்ட்-எபிங்னு ஒரு மனநல டாக்டர் 1890ல வலியில காமச் சுகம் தேடுற இந்த மனநிலைக்கு மஸோக் பேரையே வச்சுட்டாரு. மஸோக் செத்தது 1895ல. ஆளு உயிரோட இருக்கும்போதே இப்படிப் பண்ணது எனக்கென்னவோ ஓவராத்தான் தெரியுது.

அப்புறம் மனப்பகுப்பாய்வுக்குப் பேர்போன ஃப்ராய்ட் 1924ல இத படுக்கையறைக்கு வெளியவும் கொண்டு வந்தாரு, உள்ளுக்குள்ள இருக்கற குற்ற உணர்ச்சியால தன்னையே தண்டிச்சுக்கத் தேடுறதையும் இதுல ஒரு வகைன்னாரு. ஆனா இன்னைக்கு டாக்டர்ங்க எடுத்த எடுப்புல நோய்னு சொல்ல மாட்டாங்க, அந்த ஆளுக்கு மன உளைச்சலோ அன்றாட வாழ்க்கையில பாதிப்போ இருந்தாத்தான் கோளாறு கணக்குல வரும். கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த பச்சமிளகாய கடிக்கறது, அழவைக்கற படத்தையே தேடிப் பாக்கறது, இதுக்கெல்லாம் பால் ரோஸின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் வச்ச பேரு ஆபத்தில்லாத மசோக்கிசம்.