எடை குறைந்து பிறந்த குழந்தை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 35 வாரத்தில் குழந்தை பிறந்தது, எடை 1 கிலோ 750 கிராம். வீட்டுக்கு அனுப்பும்போது, நாள் முழுக்கக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார்கள். பச்சை உடம்புக்காரி எப்படித் தாங்குவாள்? தொட்டிலில் நன்றாகப் போர்த்திப் போட்டால் போதாதா?
– வாசகி, வந்தவாசி

பதில்: போதாது அம்மா. போர்வை சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய குழந்தையிடம் பிடித்து வைக்கும் அளவுக்குச் சூடே இல்லை, அது தாயின் நெஞ்சிலிருந்துதான் வர வேண்டும். எடைக்கு மீறிய தோல் பரப்பு, அடியில் கொழுப்பு குறைவு, குளிர்ந்தால் நடுங்கவும் தெரியாது. தோள், முதுகுப் பக்கம் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்த குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை இறங்குவதும், பால் குடிக்காமல் துவண்டு போவதும், மூச்சு திணறுவதும் இதனால்தான்.

இப்படி நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். இது 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. ஆனாலும் நெடுங்காலம், குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே இதை ஆரம்பித்தார்கள். அதைப் புரட்டிப் போட்டது 2021-ல் வெளியான ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து நடந்தது. சீரான பிறகு தொடங்கிய பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவை 100-க்கு 15.7. பிறந்தவுடனே தொடங்கிய பிரிவில் 12.0. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடன் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொன்னது.

செய்முறை இதுதான். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். முன்பக்கம் திறந்த சட்டைக்குள், இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து லேசாக நிமிர்ந்திருக்கட்டும். கை கால் தவளைபோல மடங்கி விரிந்திருக்க வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் மேல்வயிற்றில் படியும். பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுங்கள். துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்கட்டும். அதிகம் தவறுவது கழுத்தில்தான்: கட்டு தளர்ந்தால் குழந்தை சரிந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும். வாயும் மூக்கும் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும். தூங்கும்போது தாய் மல்லாந்து படுக்காமல், தலையணை வைத்துப் பாதி சாய்ந்திருக்க வேண்டும்.

எடுத்து வைத்த ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டால் பயனில்லை. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். மகள் களைத்தால் நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள், மருமகனும் கட்டிக்கொள்ளலாம். ஆணின் மார்புக்கும் அதே சூடுதான். எடை 2.5 கிலோ ஆகி, குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும்போது நிறுத்தலாம்.

சூடு போதுமா என்று பார்க்க, புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லென்றால் ஆபத்து.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் தேவை, இரவிலும்தான். சப்ப வலுவில்லையென்றால் பீச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுங்கள். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. உதட்டோரம் வைத்துச் சாய்த்தால் குழந்தையே விழுங்கும். ஒவ்வொரு முறையும் பாலாடையைச் சோப்பால் கழுவிக் கொதிநீரில் 10 நிமிடம் போடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு மஞ்சள் தட்டியிருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?
– வாசகர், தேனி

பதில்: வெயிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மஞ்சளைக் கரைப்பது நீல ஒளி. அது போதிய அளவில், மணிக்கணக்கில், உடம்பு முழுக்கப் பட வேண்டும். வெயிலில் அந்த அளவு கிடைக்காது. உடையில்லாமல் குழந்தை குளிர்ந்து போவதுதான் மிச்சம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் என்ற பொருள் மூளையில் படிந்தால் காது கேளாமை, கை கால் முறுக்கம் என்று ஆயுளுக்கும் நிற்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மலத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

இன்னொன்று, பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய துணி. நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணி, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைக்கு ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளைக் கடுமையாக்கும். அத்தகைய துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எடை குறைந்த குழந்தைக்குப் புரோபயாட்டிக் சொட்டு கொடுத்தால் தொற்று வராது என்கிறார்கள். அத்தை சேனை வைக்க வேண்டும், மூக்கில் எண்ணெய் விட வேண்டும் என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. முதல் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு புரோபயாட்டிக்கை, அதாவது உடம்புக்கு நன்மை செய்யும் உயிருள்ள கிருமியைக் கொடுத்ததில், ரத்தத்தொற்றோ மரணமோ நேர்ந்தது 100-க்கு 9.0-லிருந்து 5.4 ஆகக் குறைந்தது. பெரிய நன்மைதான். ஆனால் அவை 35 வாரம் நிறைந்து, 2 கிலோ இருந்த குழந்தைகள். மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தக் கிருமியே ரத்தத்தில் புகுந்து தொற்றாகலாம் என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சேனை என்று நாக்கில் தேன் தடவுவது வேண்டாம். தேனில், தசைகளை முடக்கும் பாட்டுலிச நோய்க் கிருமியின் விதைகள் இருக்கலாம். ஒரு வயது வரை கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகும். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்கலாம். தொப்புளில் எதையும் வைக்காமல் உலர விடுங்கள். உடம்பில் இதமாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதை அத்தையிடமே விடலாம், அழுத்தி நீவாமல் இருந்தால்.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பால் குடிப்பதை நிறுத்தினால், வலிப்பு வந்தால், தொட்டால் மட்டுமே அசைந்தால், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் எட்டினால், அல்லது சூடு 35.5-க்குக் கீழே போனால். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வண்டியிலும் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் போடாமல், நெஞ்சோடு கட்டியே கொண்டு போங்கள்.