ஒரே நாளில் இரண்டு முழங்காலா?

கேள்வி: எனக்கு 66 வயது. இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்து, கால்கள் வில்லாக வளைந்துவிட்டன. வலி மாத்திரை போடாமல் தூங்க முடிவதில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், தனித்தனியாகவும் செய்யலாம், உங்கள் விருப்பம்” என்கிறார் டாக்டர். மகளுக்கு ஒரு முறைதான் நீண்ட விடுப்பு கிடைக்கும். ஒரே வலியோடு முடிந்துவிடட்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் விருப்பத்தை மட்டும் கேட்டால் போதாது அம்மா, உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் கேட்க வேண்டும். நான் மூட்டு டாக்டர் இல்லை. ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து டாக்டர். திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் முழங்காலைப் பார்க்கும்போது, இந்தப் பக்கம் நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பதிலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

தொடை எலும்பைச் சரியான கோணத்தில் வெட்ட, வழக்கமான முறையில் எலும்பின் உட்குழாய்க்குள் நீளமான கம்பி ஒன்றைச் செலுத்துவார்கள். உள்ளே இருக்கும் மஜ்ஜையும் கொழுப்பும் அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் கலந்து இதயத்தின் வலப்பக்கத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். ஒரு முழங்கால் என்றால் பெரும்பாலானவர்களின் நுரையீரல் அதைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது தவணையும் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் இதயம் திணறும். ஆக்ஸிஜன் இறங்கும். வயதானவர்களில் சிலர் மறுநாள் ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பிப் பேசுவார்கள். கணினி வழிகாட்டும் நேவிகேஷன், ரோபோ முறைகளில் பெரும்பாலும் இந்தக் கம்பி தேவைப்படாது. அது ஓர் அனுகூலம்தான். அதற்காக, ரோபோ இருப்பதால் யாருக்கு வேண்டுமானாலும் இரண்டையும் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்புறம் ரத்தம். டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்தைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியபின் ரத்த இழப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. இருந்தும், இரண்டு மூட்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வருவது அதிகம். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பதும், முதல் மாதத்துக்குள் உயிருக்கே ஆபத்து வருவதும் ஒரு மூட்டு செய்பவர்களைவிடக் கூடுதல். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கூடுதல் என்றாலும், சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில் உயிரிழப்பு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவுதான். அந்த “சரியாகத் தேர்ந்தெடுத்த” என்பதற்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதுதான் விஷயம்.

வலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அது என் துறை. “ஒரே வலியோடு முடிந்துவிடும்” என்கிறீர்கள். முழங்காலைச் சுற்றிப் போடும் மரத்துப்போகும் ஊசி மருந்துக்கு, உடல் எடையை வைத்து ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். ஒரு கால் என்றால் அந்த அளவு முழுவதையும் அந்தக் காலுக்கே பயன்படுத்தலாம். இரண்டு கால் என்றால் பங்கு போட வேண்டும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் வலி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். முதுகில் எபிடூரல் என்ற, வலி மருந்து செலுத்தும் மெல்லிய குழாய் வைத்து இதைச் சமாளிக்கலாம், ஆனால் அது இருக்கும்வரை சிலருக்குக் கால் பலவீனமாக இருக்கும், எழுந்து நடப்பது தாமதமாகும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் செய்கிறார்கள்? மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் குணமாகும் காலம் சுருங்குகிறது. ஒரு முறை மயக்கம், ஒரு முறை ஆஸ்பத்திரி. இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. இரண்டு காலும் மோசமாக வளைந்தோ, நீட்ட முடியாமல் மடங்கியோ இருக்கும்போது ஒன்றை மட்டும் நேராக்கினால், அந்தக் கால் நீளமாகி மற்றது குட்டையாக நிற்கும். குட்டைக் காலுக்கு ஈடுகொடுக்கப் புதிய முழங்காலை மடக்கியே நடப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு போராடினாலும் அது நேராகாது. உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, கால்கள் வில்லாக வளைந்ததைச் சொல்லும் அந்த வரிதான். மகளின் விடுப்பைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

முடிவெடுக்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, இதயத்தின் இறைக்கும் திறனையும் நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் முதலில் இரும்புச்சத்து கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) எட்டைத் தாண்டியிருந்தால் எந்த மூட்டையும் தொடாமல் இருப்பது நல்லது, கிருமித் தொற்று வந்தால் வைத்த மூட்டையே எடுக்க வேண்டி வரலாம். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா, பல்லில் சீழ் இருக்கிறதா, பாதத்தில் புண் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கும் வழக்கம் இருந்தால் என் போன்றவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இதுதான், எங்களுக்கு அதிகம் உதவுவதும் இதுதான்.

இவையெல்லாம் நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “முதல் முழங்கால் முடிந்ததும் நிறுத்திப் பார்ப்பீர்களா?” ஒரே குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் இடத்தில் நடுவில் ஓர் இடைவேளை கிடைக்கும். அப்போது அறுவை மருத்துவர் திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, “போகலாமா?” என்று கேட்பார். ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, போன ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நாங்கள் பதில் சொல்வோம். “வேண்டாம்” என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது கால் பிறகு. இரண்டு குழுக்கள் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் நேரம் மிச்சமாகும், ஆனால் இந்த இடைவேளை போய்விடும். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. ஒப்புதல் படிவத்தில் “தேவைப்பட்டால் ஒரு முழங்காலோடு நிறுத்தலாம்” என்று எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கண்விழிக்கும்போது ஒரு காலில் மட்டும் கட்டு இருந்தால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கும் இதை முன்னமே சொல்லி வையுங்கள், பாவம், வெளியே உட்கார்ந்து பதறப்போவது அவர்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, படி ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது ஆபரேஷன் செய்த காலை முதலில் வை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். உங்களுக்கு நல்ல கால் என்று ஒன்று இருக்காது. நாற்காலியிலிருந்து எழ ஊன்றுவதற்கு இரண்டு கைகள்தான். எனவே கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, சுவரில் பிடிமானம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கைகளுக்கும் தொடைக்கும் இப்போதே பயிற்சி தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இரவிலும் ஒருவர் கூட இருக்க வேண்டும். மகளின் விடுப்பை அந்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகள் நன்றாக வந்தால், நடுவில் நிறுத்தும் ஏற்பாட்டோடு இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளுங்கள் என்பேன். எக்கோவில் நுரையீரல் அழுத்தம் கூடியிருந்தால் தனித்தனியாக, இடையில் சுமார் மூன்று மாதம் விட்டுத்தான். இரண்டு முறை விடுப்பு கேட்பது சிரமம்தான், வேறு வழியில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. நான்கு மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். “பண்றதுன்னா ரெண்டையும் சேர்த்துப் பண்ணு, இல்லைன்னா விட்டுடு” என்று பிடிவாதம் பிடிக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: இரண்டையும் சேர்த்து என்பதற்கு இடமே இல்லை. ஒன்றுக்குக்கூட இப்போது அவசரப்படக் கூடாது. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அவசரமில்லாத ஆபரேஷனை வழக்கமாக ஒரு வருடம் தள்ளிவைப்போம். ஸ்டென்ட் அடைக்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை அதற்குள் நிறுத்தினால் மறுபடி மாரடைப்பு வரலாம், நிறுத்தாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. இதய டாக்டர் வாயாலேயே இதை அவரிடம் சொல்ல வையுங்கள், பிள்ளைகள் சொன்னால் எடுபடாது. காலம் வரும்போது, அதிகமாக வலிக்கும் கால் ஒன்றை மட்டும் செய்யலாம். முதல் கால் நன்றாக அமைந்துவிட்டால் பல பெரியவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கேள்வி: ஒரு முழங்கால் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. இரண்டாவதையும் செய்வதாக அப்போதே பேச்சு. இப்போது அது அவ்வளவாக வலிக்கவில்லை. எக்ஸ்ரேயில் மட்டும் மோசமாகத்தான் இருக்கிறது. செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் யாரும் மூட்டை மாற்றுவதில்லை. உங்கள் நடையும் தூக்கமும் கெடும்போது யோசித்தால் போதும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: படுத்துக்கொண்டு அந்தக் காலை நீட்டும்போது முழங்காலின் பின்பக்கம் படுக்கையைத் தொடவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.