ஏரிக் கரம்பையும் அதில் படியும் உலோகங்களும்

கேள்வி: கோடையில் ஏரிக் கரம்பையை, அதாவது ஏரியின் அடியில் படிந்த வண்டல் சேற்றை, வெட்டி வயலுக்கு அடிப்பது எங்கள் ஊரில் தலைமுறை வழக்கம். இப்போது ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாகத் தோல் பதனிடும் ஆலைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் இருக்கின்றன. ஏரித் தண்ணீரைப் பரிசோதித்ததில் குறையில்லை என்றார்கள். கரம்பையை நம்பி அடிக்கலாமா? – ஆம்பூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்

பதில்: ஐயா, சேற்றையும் பரிசோதிக்காமல் அடிக்க வேண்டாம். வரத்துக்காலில் வந்து சேரும் குரோமியம், ஈயம், துத்தநாகம் போன்றவை நீரில் கரைந்தபடியே நெடுநாள் நிற்பதில்லை. பெரும்பகுதி களிமண் துகள்களிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடுகிறது. ஆகவே தண்ணீர் தெளிந்து, சோதனையிலும் தேறிவிட்ட ஏரியில்கூட, பல ஆண்டுக் கழிவு சேற்றில் தங்கியிருக்கக்கூடும். நீர் வேகம் குறையும் மதகடிப் பள்ளத்தில் தேங்கும் நைசான சேற்றில் உலோகம் மிகுதி. வரத்துக்கால் வாயில் விழும் மணலில் குறைவு. விரலிடையில் தேய்த்தால் வெண்ணெய்போல் வழுக்கும் அந்தச் சேற்றைத்தான் நாம் உயர்ந்த கரம்பை என்று தேடி எடுக்கிறோம் என்பது கவலைக்குரியது.

ஏரிக்கு மேலே நிலம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கேற்ப உலோகமும் மாறும். தோல் பதனிடுவதிலிருந்து குரோமியமும், முலாம் பட்டறையிலிருந்து நிக்கலும் குரோமியமும், நெடுஞ்சாலையிலிருந்து டயர் தேய்மானத்தின் துத்தநாகமும் பிரேக் கட்டையின் செம்பும் மழைநீரோடு இறங்குகின்றன. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டாலும், அதற்குமுன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் அழிந்துவிடவில்லை. வெறும் வயல்வெளியும் முற்றிலும் விலக்கன்று: பாஸ்பேட் உரத்தில் சிறிதளவு காட்மியமும், பூஞ்சைக்கொல்லிகள் சிலவற்றில் செம்பும் உண்டு. எனினும் உங்கள் ஏரிக்கு நான் முதலில் அஞ்சுவது ஆலைக் கழிவுக்குத்தான். பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகளின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்து, மாசு செய்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது.

மண்வெட்டியால் கொத்தியதும் கருநிறமாய், அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும் சேற்றைக் கண்டிருப்பீர்கள். காற்றுப் புகாத அந்த அடிச்சேற்றில் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்றவை கந்தகத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கின்றன. அதை வெட்டிக் கரையில் குவித்து வெயிலில் உலர்த்தினால், காற்றுப் பட்டு அந்தப் பிணைப்பு குலைந்து, அடுத்த மழையில் உலோகத்தின் ஒரு பகுதி கரைந்து இறங்கும். வயலில் பரப்பினாலும் இதுவே நடக்கும். காட்மியம் கீரைகளில் எளிதில் ஏறிவிடும். குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடுகிறது.

மண்வள அட்டையை மட்டும் நம்பாதீர்கள். அதில் துத்தநாகம், செம்பு போன்ற நுண்சத்துகள் இருக்குமே தவிர, ஈயம், காட்மியம், குரோமியம் இரா. மதகடி, நடு ஏரி, வரத்துக்கால் வாய் ஆகிய மூன்றிடங்களிலும் மேல்சேற்றையும் ஓரடி ஆழத்துச் சேற்றையும் தனித்தனியே எடுத்து, மொத்த உலோக அளவு பார்க்கும் ஆய்வகத்திற்கு அனுப்புங்கள். ஆறையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால், கெட்ட சேற்றின் அளவு நல்ல சேற்றில் மறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆலையே இல்லை. ஆனால் ஓடை மண்ணில் குரோமியம் அதிகம் என்று முடிவு வந்திருக்கிறது. எப்படி? – நாமக்கல் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: பாறையிலிருந்தே வந்திருக்கலாம், அம்மா. உங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியில் குரோமியக் கனிமம் இயற்கையாகவே உண்டு. மேல்மண்ணிலும் ஆழத்து மண்ணிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாறையே காரணம் என்று கொள்ளலாம். மேல்மண்ணில் மட்டும் கூடுதலாக இருந்தால் மேட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அலுமினிய அளவையும் கேட்டு வாங்கி, குரோமியத்தை அதற்கு விகிதமாக ஒப்பிடுங்கள். களிமண் கூடியதால் மட்டும் குரோமியம் கூடியிருந்தால் அந்த விகிதம் பெரிதாக மாறாது.