புரதப் பால் குடித்தும் பத்தரைக்குப் பசிக்கிறதே, ஏன்?

"திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. காலை எட்டரைக்கு உள்ளே இருக்கணும். மூன்று மாதமாக இட்லியை விட்டுவிட்டு, கடையில் விற்கும் 20 கிராம் புரதப் பால் பாட்டில் ஒன்றை ஏழரைக்குக் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். முதலில் பசியே தெரியாது. பத்தரைக்கெல்லாம் வயிறு கபகபவென்று எரிகிறது. பதினொரு மணி டீயோடு இரண்டு போண்டா உள்ளே போய்விடுகிறது. புரதம் பசியை அடக்கும் என்கிறார்களே, பொய்யா? மாமியார் வேறு, 'அதுக்குப் பேசாம ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டுப் போ கண்ணு' என்கிறார். எடை 68 கிலோ. குறைக்க வேண்டும்."

பொய்யில்லைங்க. மூன்று மணி நேரம் பசி தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பால் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது. இந்த வகைப் பாட்டிலில் அநேகமாக 150 கலோரிக்குப் பக்கம் இருக்கும். அதாவது மூன்று இட்லி, அதுவும் சட்னி, சாம்பார் இல்லாமல். நாள் முழுக்க நின்று துணியைப் புரட்டும் உடம்புக்கு அது மதியம் வரை தாங்காது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? கொதிக்கும் பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நொடியில் திரிந்து வெள்ளைக் கட்டி தனியாக, பச்சை கலந்த தண்ணீர் தனியாகப் பிரியும். பனீர் செய்பவர்கள் தினமும் பார்ப்பதுதான். அந்தக் கட்டியில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு கேசீன். பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் இதுதான். வயிற்றுப் புளிப்பு பட்டதும் உள்ளேயும் இப்படியே திரண்டு, மெதுவாகக் கரைந்து குடலுக்கு இறங்கும். மீதி 20 சதவீதம் வே (whey) என்ற புரதம். அது திரளாது. சீக்கிரம் இறங்கி, சீக்கிரம் ரத்தத்தில் சேரும். அதனால் வே பசியைச் சட்டென்று அமர்த்துகிறது, கேசீன் நின்று நிதானமாக அமர்த்துகிறது. ஆனால் அடுத்த வேளை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வேதான் உசத்தி என்று கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை.

புரதம் இறங்கியதும் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் தணிகிறது. குடலில் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து, 'போதும்' என்று மூளைக்குச் சொல்கின்றன. எடை குறைக்க இப்போது போட்டுக்கொள்கிறார்களே செமாகுளூடைட் ஊசி, அது இந்த ஜிஎல்பி-1 போலவே நடிக்கும் மருந்து. ஊசி ஒரு வாரம் தாங்கும், பால் சில மணி நேரம். அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், அது குடிக்கிற பொருள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அரை நிமிடத்தில் காலி செய்திருப்பீர்கள். மெல்லாமல் விழுங்கியதை வயிறு முழுச் சாப்பாடாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீர்ப்பொருள் சீக்கிரம் கீழே இறங்கியும் விடும். அதே புரதம் கெட்டியாக இருந்தால், மெல்ல ஏதாவது சேர்ந்தால், திருப்தி கூடும்.

என் யோசனை இது: காலையில் இரண்டு இட்லியை மறுபடி கொண்டு வாருங்கள். கூடவே கொள்ளோ பச்சைப்பயறோ வேகவைத்து ஒரு கைப்பிடி. நம் ஊரில் கொள்ளுக்கா பஞ்சம்! பாட்டிலைப் பையில் போட்டுப் பதினொரு மணிக்குக் குடியுங்கள், போண்டாவுக்குப் பதிலாக. போண்டாவும் பாட்டிலும் சேர்ந்து போனால் எடை குறையாது, ஏறும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் அதைப் பொழுதோட ஆறு மணிக்கு வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்ததும் சோற்றுச் சட்டியோடு உட்காரும் நிலை வராது.

பாட்டில் கட்டாயமுமில்லை. கால் லிட்டர் பாலில் 8 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் இன்னும் 5 கிராம் சேரும், கொஞ்சம் கெட்டியும் ஆகும். கடைப் பாட்டிலே வேண்டுமென்றால் முன்பக்கத்து 20 கிராமை மட்டும் பார்க்காமல், பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 56 கிராம் புரதம் போதும், அதை ஒரே வேளையில் கொட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

அப்புறம் மாமியாரின் மோர். அவர் சொல்வதில் பாதி சரி. ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் போனது, ஆனால் கடையும்போது புரதம் வெண்ணெயோடு போவதில்லை, மோரிலேயே தங்கிவிடுகிறது. தொந்தரவு தண்ணீரில். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் ஒரு பெரிய டம்ளர் மோரில் 2 கிராம் புரதம்கூடத் தேறுவது கடினம். வெய்யலுக்கு நல்லது, பசிக்குப் பத்தாது. ஆனால் கம்மஞ்சோற்றைக் கட்டித் தயிர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிட்டால் கதையே வேறு. பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்பவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நாளைக்குச் சொம்பை நீட்டினால், தண்ணீர் ஊற்றும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.