பன்னெண்டு சீட்டும் மூணாறு மலையும்

வணக்கம் அண்ணா,

நான் மூணாறு எஸ்டேட் லயத்துல பொறந்து வளந்தவ, கல்யாணமாகி இப்ப போடியில இருக்கேன். எங்க ஆச்சி தன்னோட முதல் ஓட்ட "நேசமணி கட்சி"க்குத்தான் போட்டேன்னு சொல்லிட்டே இருக்கும். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இத சொன்னேன், ஒருத்தர் "அது பன்னெண்டு சீட்டு துக்கடா கட்சி, வந்த வேகத்துல காணாம போச்சு"ன்னு எழுதிட்டாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்தக் கட்சி ஏன் இல்லாம போச்சு? எங்க மலைய மட்டும் ஏன் கேரளாப் பக்கம் விட்டுட்டுப் போச்சு? இப்ப அப்படி ஒரு கட்சி மலையில ஆரம்பிச்சா எடுபடுமா?

ஒரு வாசகி, போடி

அன்புள்ள தங்கச்சி,

உங்க லெட்டர படிச்சதும் அந்த துக்கடாங்கிற வார்த்தைலயே நின்னுட்டேன். நான் மார்த்தாண்டத்துக்காரன், எங்க ஊரு இன்னிக்கு தமிழ்நாட்டுல இருக்குன்னா அது அந்தக் கட்சியாலதான்.

1945 டிசம்பர்ல நாகர்கோவில்ல சாம் நத்தானியேலும் இன்னும் சிலரும் சேந்து ஆரம்பிச்சப்ப பேரு அகில திருவிதாங்கூர் தமிழர் காங்கிரஸ், மறுவருஷம் இரவிபுதூர் கூட்டத்துல திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்னு ஆச்சு, வக்கீல் நேசமணி உள்ள வந்தது 1947லதான். கோரிக்கை ஒண்ணே ஒண்ணு, தமிழ் பேசுற தாலுகாக்கள பிரிச்சு தமிழ்நாட்டோட சேக்கணும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம் (உங்க மூணாறு இதுலதான் வருது), பீர்மேடு, அப்புறம் கொச்சி பக்கம் சித்தூர். இந்த ஒம்பது பேரையும் மனசுல வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

1948ல திருவிதாங்கூர்ல வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு முதல் தேர்தல் நடந்துச்சு, மொத்தம் 120 இடம், ஸ்டேட் காங்கிரஸ் 97, நம்ம ஆளுங்க 14. பட்டம் தாணுபிள்ளை பிரதமரானாரு, அப்ப திருவிதாங்கூர்ல அந்தப் பதவிக்கு அதான் பேரு. 97 பேரு எதிர்ல இருக்கிற சபையில 14 பேரு என்ன கத்துனாலும் ஒண்ணும் நடக்காது, நடக்கவும் இல்ல.

அப்புறம் கொச்சியும் சேந்து திரு-கொச்சி ஆகி, 1952 தேர்தல்ல சபை 108 பேரு, நம்ம கட்சி எட்டா குறைஞ்சிருச்சு. ஆனா அந்த எட்டுக்கு 14அ விட மதிப்பு. ஏன்னா காங்கிரஸ் 44ல நின்னுபோச்சு, ஏ.ஜே. ஜான் ஆட்சி அமைக்கணும்னா இவங்க தயவு வேணும், அதனால சிதம்பரநாதன் நாடார் மந்திரியாவே ஆனாரு. நாகர்கோவில்ல இருந்து நேசமணி லோக்சபா போனாரு. ஆனா மந்திரி பதவிய கையில வச்சுக்கிட்டு கோரிக்கைய மறக்கல பாருங்க, அங்கதான் எனக்கு அவங்க மேல மரியாதை. 1953ல ஆதரவ வாபஸ் வாங்குனாங்க, ஜான் ஆட்சி கவுந்து சபையே கலைஞ்சு போச்சு.

1954 தேர்தல் முடிவத்தான் உங்க குரூப்காரர் ஒருதடவ உக்காந்து பாக்கணும். மொத்தம் 117. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோசலிஸ்ட் 19, நம்ம கட்சி 12, ஆர்.எஸ்.பி. (புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி) 9, சுயேச்சை 9. மெஜாரிட்டிக்கு 59 வேணும். 45ம் 12ம் சேந்தா 57, ரெண்டு பேரு குறையுது! ஒருத்தராலயும் சொந்தமா ஆள முடியாது, கடைசில வெறும் 19 பேர வச்சுக்கிட்டு, அதுக்குள்ள பிரஜா சோசலிஸ்ட் தலைவரா ஆகியிருந்த பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சரானாரு, கம்யூனிஸ்ட் வந்துரக் கூடாதுன்னு காங்கிரஸ் வெளிய நின்னு ஆதரவு குடுத்துச்சு.

அந்த வருஷம் ஜூலையில உங்க மலையிலதான் போராட்டம் சூடாச்சு, தடைய மீறி மூணாறு போன நேசமணிய அரெஸ்ட் பண்ணுனாங்க. ஆகஸ்ட் 11 எங்க பக்கம் விடுதலை நாள்னு ஊர்வலம், மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுது, ஆளுங்க செத்தாங்க. சோசலிஸ்ட் ஆட்சி மக்களச் சுடலாமான்னு கேட்டு பட்டம் ராஜினாமா பண்ணணும்னு சொன்னது யாரு தெரியுமா, அவரோட சொந்தக் கட்சி பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. பட்டம் மாட்டேன்னாரு, கடைசில லோகியா அந்தக் கட்சிய விட்டே வெளிய போயி தனிக்கட்சி கண்டாரு. புதுக்கடை ரோட்டுல வெடிச்ச துப்பாக்கி ஒரு அகில இந்தியக் கட்சியவே ரெண்டாக்கிருச்சு, இத எத்தன வரலாத்துப் புத்தகத்துல பெருசா எழுதியிருக்காங்க?

1955 பிப்ரவரில பட்டம் ஆட்சியும் போச்சு, பனம்பிள்ளி கோவிந்த மேனன் நம்ம கட்சி ஆதரவோட வந்தாரு. அந்த செப்டம்பர்ல மாநில மறுசீரமைப்பு கமிஷன் அறிக்கை வந்துச்சு, தெக்க நாலு தாலுகாவும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்குன்னு. அதுக்கு கோவிச்சுக்கிட்டு ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் வெளிய போக 1956 மார்ச்ல அந்த ஆட்சியும் விழுந்துச்சு. நாலு வருஷத்துல மூணு மந்திரிசபை, மூணுலயும் இந்தப் பிரச்சினை இருக்கு. இதுக்குப் பேரு துக்கடாவா? தராசுல ரெண்டு தட்டும் சமமா நிக்கும்போது ஒரு குன்றிமணி போதும், அத எப்ப வைக்கணும் எப்ப எடுக்கணும்னு தெரிஞ்சிருந்தாங்க.

இனி உங்க ரெண்டாவது கேள்வி, எனக்கு வலிக்கிற கேள்வி. 1956 நவம்பர் 1ல நாங்க இந்தப் பக்கம் வந்தோம், செங்கோட்டைல ஒரு பகுதி மட்டும் அங்கயே நின்னுச்சு. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் கேரளாவுல. ஒம்பதுல நாலு வரல. ஆனா கட்சி என்ன பண்ணுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு 1957 தேர்தலுக்கு முன்னாடியே காங்கிரஸோட கலந்துருச்சு. நேசமணி கிள்ளியூர்ல காங்கிரஸ் எம்.எல்.ஏ., தாணுலிங்க நாடார் நாகர்கோவில் எம்.பி. அந்த ஓட்டு அப்படியே காங்கிரஸுக்குப் போயி இறுகிருச்சு, 1967ல தமிழ்நாடு பூரா தி.மு.க. அலை அடிச்சப்பவும் நாகர்கோவில்ல நேசமணி ஜெயிச்சாரு, அவரு மறைஞ்சப்புறம் 1969 இடைத்தேர்தல்ல காமராஜரே இங்க வந்துதான் ஜெயிச்சாரு.

எங்களுக்கு அது சரி. உங்களுக்கு? தேவிகுளத்துக்காரங்களும்தான் ஓட்டுப் போட்டு அந்தக் கட்சிய ஜெயிக்க வச்சாங்க. குளமாவது மேடாவதுன்னு, அதாவது தேவிகுளமும் பீர்மேடும் எங்க இருந்தா என்னன்னு, காமராஜர் சொன்னதா ஒரு பேச்சு மேடைக்கு மேடை ஓடுது, அத வச்சு மொத்தப் பழியையும் அவர் மேல போட்டுட்டு நாம நகந்துடறோம். கமிஷன் முடிவ மாத்தியிருக்க முடியுமாங்கிறது வேற விஷயம், ஆனா கட்சியக் கலைச்சது எங்க ஆளுங்க எடுத்த முடிவு. கேரளாவுல ஒரு பாதியா அத உயிரோட வச்சிருக்கணும், வச்சிருந்தா திருவனந்தபுரம் சபையில உங்களுக்குன்னு பேச நாலு பேராவது இருந்திருப்பாங்க. அது உங்களுக்கு நாங்க செஞ்ச அநியாயம், நான் அப்படித்தான் சொல்லுவேன்.

விட்ட இடத்த கம்யூனிஸ்ட் கட்சி எடுத்துக்கிச்சு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல ரோசம்மா புன்னூஸுக்காக பண்ணைப்புரத்துல இருந்து பாவலர் வரதராஜன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டா தமிழ்ல பாடித்தான் ஓட்டு வாங்குனாரு. உங்க ஜனங்க ஏமாந்து போகல, தங்கள யாரு தேடி வந்தாங்களோ அவங்களுக்குப் போட்டாங்க.

இப்ப ஆரம்பிச்சா எடுபடுமா? அசெம்பிளிக்குன்னா கஷ்டம் தங்கச்சி. 140 பேரு சபையில மலையில இருந்து ஒண்ணு ரெண்டு போனா என்ன ஆகும், அ.தி.மு.க. மாதிரி பெரிய கட்சியே 2016ல தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைல நின்னு ஒண்ணும் கிடைக்கல. ஆனா பஞ்சாயத்து வேற கணக்கு. 2015ல பெம்பிளை ஒருமைன்னு (பெண்கள் ஒற்றுமைன்னு அர்த்தம்) தேயிலைக் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க கம்பெனியையும் யூனியன் தலைவருங்களையும் ஒரே நேரத்துல எதுத்து ஸ்ட்ரைக் பண்ணிட்டு, அந்த வருஷமே உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு சில இடத்துல ஜெயிச்சாங்கல்ல. லயத்து வீடு, ஆஸ்பத்திரி, தமிழ் மீடியம் ஸ்கூல், ரோடு, இதுல பாதி பஞ்சாயத்துலயே பேசக்கூடியது, அங்க ரெண்டு தட்டும் சமமா நிக்கிற இடம் நிறைய உண்டு. ஆரம்பிக்கிறதா இருந்தா அங்கருந்து ஆரம்பிங்க. கோரிக்கைய ஒண்ணா வைங்க, அது கிடைச்சப்புறமும் கட்சியக் கலைக்காதீங்க.

அன்புடன்,
அண்ணன்